கேட்கத் தெரிந்த அரசு

காது கொடுத்துக் கேட்பதில் நியூசிலாந்து அரசுக்கு நிகர் யார்? எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பிரிக்கிறீர்கள் என்று 1980-களில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் முறையிட்டபோது அது முகம் சுளிக்கவில்லை. மாவோரி மூத்தவர் ஜான் ரங்கிஹாவு தலைமையில் குழு அமைத்தது. குழு சொன்ன கசப்பையெல்லாம் அச்சிட்டது. 1989-இல் சட்டமே இயற்றிவிட்டது.

அந்தச் சட்டம் தந்த குடும்பக் கூட்டத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் பெற்றோரோடு பாட்டி, பெரியப்பா, அத்தை, சித்தி எல்லோரும் வந்து உட்காரலாம். அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். பிள்ளை யார் வீட்டில் வளர்வது, யார் பார்த்துக்கொள்வது என்று உறவினர் தனியே பேசி முடிவெடுப்பார்கள். மாவோரி வழக்கத்திலிருந்து பிறந்த இந்த முறையைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அரசின் பெருந்தன்மையைப் பாருங்கள்: பெருமையை மாவோரிகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. நாட்டில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்தான் மாவோரி. அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளிலோ பாதிக்கு மேல் அவர்கள்.

2019-இல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில் காட்டிய கரிசனமும் சாதாரணமானதல்ல. அப்போதுதான் பிள்ளை பெற்ற ஓர் இளம் மாவோரித் தாயின் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லி அவர்களைக் கவலைப்படுத்தவில்லை. சிசுவை எடுத்துச்செல்ல, கையில் நீதிமன்ற ஆணையோடு அதிகாரிகள் பிரசவ வார்டுக்கே நேரில் போனார்கள். உறவினரும் மருத்துவச்சிகளும் விட்டுக்கொடுக்காததால் சிசு தாயிடமே தங்கியது. நாடு கொதித்ததும் அரசு மறுபடி காது கொடுத்தது. விசாரணைமேல் விசாரணை நடந்தது. மாவோரிப் பிள்ளைகளின் விஷயத்திலிருந்து அரசு விலகி நிற்க வேண்டும், வழி வகுக்கும் பொறுப்பு மாவோரிகளுடையது என்று 2021-இல் மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் சொன்னது. அரசு அதையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

மன்னிப்புக் கேட்பதிலும் அது பின்தங்கவில்லை. 1950 முதல் 2019 வரை அரசு, திருச்சபைப் பராமரிப்பில் சுமார் 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. 2024 நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். மாவோரிப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க இலக்கு வைத்து, ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொல்லி வந்த 7ஏஏ சட்டப் பிரிவை 2025-இல் அதே நாடாளுமன்றம் நீக்கியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானாம்.