ஒரு 'எ' செய்கிற வேலை!

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் 'ஃபியூ' வேறு, 'எ ஃபியூ' வேறு என்கிறார்கள். இரண்டுமே 'சில'தானே? ஒரு 'எ'வுக்கு ஏன் இந்த அலட்டல்?
– ஒரு வாசகி, பெஹாலா, கொல்கத்தா

உங்கள் பேட்டையிலேயே உதாரணம் இருக்கிறதே! 1698-ல் பெஹாலா பரிஷாவின் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடமிருந்து சுதானுட்டி, கலிகத்தா, கோவிந்தபூர் கிராமங்களின் ஜமீன் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனிக்குக் கிடைத்தது 'எ ஃபியூ' கிராமங்கள்: பரவாயில்லை, சில தேறின. குடும்பத்துக்குக் கிடைத்தது 'ஃபியூ' ரூபாய்கள்: அவ்வளவுதானா!