ஆறு எம்.எம். கேமரா

தேனி மாவட்டத்துக்காரனுக்குக் கேமராவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். இளையராஜாவின் பண்ணைப்புரம், எங்கள் ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம் தாண்டினால் வந்துவிடும். ‘மைனா’ படத்தை எடுத்தது குரங்கணியில். ஆகவே எங்கள் ஊரில் கேமரா என்றால் அதற்கு ஒரு கிரேன் இருக்க வேண்டும், தள்ளிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும், ஜெனரேட்டர் வண்டி வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்ட ஒரு ஆள் வேண்டும். இவ்வளவும் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்?

“பேத்திக்கு விளையாட வாங்கினியாப்பா?” என்று கேட்டார் பெரியம்மா. எனக்குப் பேத்தி கிடையாது. மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும்.

நான் வாங்கியது பழைய ஒலிம்பஸ் மிரர்லெஸ் ஒன்று. கைமாறி வந்தது. நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். புதிது வாங்கினால் அந்தக் கணக்கை யார் எழுதுவது? கடையில் முதலாளியிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. லென்ஸைக் கழற்றச் சொல்லி, சாம்பிள் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். 116 கிராம். 45 எம்.எம். லென்ஸ்.

“என்ன வெலைக்கு எடுத்த, கணக்கு?”

“பன்னெண்டாயிரம், மொதலாளி.”

கால்குலேட்டரைத் தட்டினார். “கிலோ ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம் வருதேய்யா!” 2019-இல் ஏலக்காய் கிலோ ஏழாயிரத்தைத் தொட்ட அன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு அதிர்ச்சியை நான் பார்த்ததில்லை. அன்று அவர் விற்கிற பக்கம் இருந்தார்.

எதனால் இது இத்தனை சிறியது என்று விளக்க முயன்றேன். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, நாம் கண் வைக்கிற துளைக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் ‘டப்’ என்று மேலே தூக்கிக்கொள்ளும். அப்போதுதான் படம் விழும். அந்தக் கண்ணாடி எழுந்து உட்கார இடம் வேண்டுமே, அதனால் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் சும்மா விட்டு வைத்திருந்தார்கள். 2008-இல் பானசோனிக்கும் ஒலிம்பஸும் சேர்ந்து அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்தன. லென்ஸ் பார்ப்பதைச் சென்சாரே நேராக ஒரு குட்டித் திரையில் காட்டிவிடும். இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்தது. கேமரா சப்பையானது, லென்ஸும் கூடவே இளைத்தது.

“உள்ள இருந்த சாமானை எடுத்துட்டு வெலையைக் குறைக்காம விக்கிறான்னு சொல்லு.”

“மொதலாளி, பச்சைக் காய் அஞ்சு கிலோ ஸ்டோர்ல காஞ்சா ஒரு கிலோதான் வருது. தண்ணி போகப் போக நம்மளும் வெலையைக் கூட்டித்தானே விக்கிறோம்?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்பது வருடம் ஏலக்காய் பார்த்த மூளை. “சரிய்யா, ஒத்துக்கிறேன். ஆனா காஞ்சதுலயும் எட்டு எம்.எம். காய்க்குத்தான் வெலை. ஒன்னோடது ஆறு எம்.எம்.”

அன்றிலிருந்து கடையில் அதற்கு ஆறு எம்.எம். கேமரா என்றே பெயர். நியாயமாகப் பார்த்தால் முதலாளி சொன்னதில் பிழையில்லை. இதன் சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். முழு அளவுச் சென்சார் என்று சொல்கிறார்களே, அந்த 36-க்கு 24-இல் ஏறக்குறைய கால்வாசி. இருட்டில் எடுத்தால் படத்தில் ரவை தூவினாற்போல் புள்ளி விழும். அதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை, வருத்தமும் இல்லை.

சிறிய கேமராவை நான்தான் கண்டுபிடித்தது போல ஊரில் கேட்கிறார்கள். நூறு வருடக் கதை அது. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்று ஒருவர். ஆஸ்துமாக்காரர். மலை ஏறிப் படம் எடுக்க ஆசை. கண்ணாடித் தகடும் பெட்டியும் முக்காலியும் தூக்கினால் மூச்சு இரைக்கும். சினிமா பிலிமை வைத்து, பைக்குள் போடுகிற மாதிரி ஒரு கேமரா செய்துகொண்டார். 1925-இல் கடைக்கு வந்த லைக்கா அது. போடி மெட்டு ஏறுகிற எவனுக்கும் பார்னாக்கின் மீது ஒரு ஒட்டுதல் வரும்.

அவருக்கு முன்னால் எப்படி என்றால், மதுரையைக் கேளுங்கள். 1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மீனாட்சியம்மன் கோயிலைப் படம் எடுக்க வந்தார். சாமான்கள் மாட்டு வண்டியில் வந்தன. ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். வெளிச்சம் பதிய அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால், நடக்கிற மனுசன் படத்தில் விழவே மாட்டான். டிரைப்பின் மதுரை பெரும்பாலும் ஆளே இல்லாத மதுரை. மதுரையைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். சின்னக் கேமராவின் பெரிய வசதி எடைக் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது கிடையாது. மரியாதைக் குறைவுதான்.

விடிவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ரோட்டு முக்குகளில் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரும். பெண்கள் தூக்குவாளியும் கொங்காணியுமாக நிற்பார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒன்று சொல்லும். ஜீப் வேறு சொல்லும். அந்த இடத்தில் தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமராவோடு ஒருவர் நின்றால் என்ன நடக்கும்? முதலில் டிரைவர் இறங்கி, “எந்த டிவி?” என்று கேட்பார். பெண்கள் முந்தானையைச் சரி செய்வார்கள். ஒருத்தி கூலி எவ்வளவு என்று பேட்டி கொடுக்கத் தொடங்குவாள். ஜீப்பே நேராக நிமிர்ந்து நிற்பது போல எனக்குத் தோன்றும்.

ஆறு எம்.எம்.முக்கு அந்தத் தொல்லை இல்லை. “என்ன கணக்கு, காலங்காத்தால செல்லை நோண்டிக்கிட்டு?” என்பார்கள். அத்தோடு சரி. வெற்றிலை மடிக்கிறவர் மடிப்பார், சண்டை போடுகிறவர்கள் விட்ட இடத்தில் தொடர்வார்கள், தூக்குவாளியை மடியில் வைத்து ஒருத்தி உட்கார்ந்த நொடியே தூங்கிவிடுவாள். சத்தமில்லாத ஷட்டர், லென்ஸைக் கொஞ்சம் திறந்துவிட்டால் தெருவிளக்கு போதும். கை நடுக்கத்தைக் கேமராவே தாங்கிக்கொள்கிறது. ஆள் அசைந்தால் மட்டும் அதுவும் கைவிரித்துவிடும்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன், 1950-இல் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர், தன் லைக்காவின் பளபளப்பு தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாராம். அவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு சுருள் டேப் தேவைப்பட்டது. எனக்கு என் பெரியம்மாவே போதும்.

நம் பக்கத்து மலையில் ஒரு விசயம் படமெடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகங்களில் காலையும் மாலையும் பொன் வெயில் என்று எழுதியிருப்பார்கள். ராசிங்காபுரத்துக்கு அது பாதிதான் பொருந்தும். மலை எங்களுக்கு மேற்கே நிற்கிறது. காலை வெயில் சமவெளியைத் தாண்டி நேராகப் போய் மலை முகத்தில் விழும். பாறை, ஓடை, மரம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் மறைய வேண்டிய நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். வெளியூர் நண்பர்கள் மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, “கிளம்பலாமா?” என்று காபியோடு வரும்போது மலை ஒரே கறுப்புச் சுவர்.

ஆடி மாசம் வந்தால் இன்னொரு வேடிக்கை. கேரளப் பக்கம் கொட்டுகிற மழையின் மேகம் முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வழியும். இறங்க இறங்கக் காற்று சூடாகி, பாதி மலை வருவதற்குள் மேகம் கரைந்து காணாமல் போய்விடும். கீழே நிற்கிற எங்களுக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும் மிச்சம். படம் பிரமாதமாக வரும். தோட்டக்காரரிடம் காட்டினால் மட்டும் திட்டு விழும். “மழையைப் படம் புடிச்சு என்னப்பா செய்ய? கீழ எறக்கச் சொல்லு” என்றார் ஒருவர்.

கல்யாண வீட்டில் சின்னக் கேமராவின் தகுதி இன்னும் தெளிவாகத் தெரியும். மேடையில் குடை விளக்கும் டிரோனும் வைத்திருக்கும் தம்பிமார், “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்பார்கள். தள்ளித் தள்ளி நான் போய்ச் சேருகிற இடம் எப்போதும் சமையல்கட்டு. மொய் எழுதுகிறவர் ஆயிரம் ரூபாய்த்தாளை எதிர்பார்த்து ஐம்பதைக் கண்ட முகம், பந்தியில் இரண்டாவது அப்பளத்துக்குக் காத்திருக்கும் மாமா, இதெல்லாம் அந்த வழியில்தான் கிடைக்கும். (ஆயிரம் ரூபாய்த்தாள் 2016-இல் செல்லாமல் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். மொய் எழுதுகிறவரின் எதிர்பார்ப்பு செல்லாமல் போகவில்லை.)

இத்தனை அலட்சியத்தையும் உடைத்தது எங்கள் தெரு அப்பத்தா ஒருவர். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்தபடி கூப்பிட்டார்.

“ஏப்பா, எனக்கு ஒரு போட்டா நல்லா எடுத்து வையி.”

“எதுக்கு அப்பத்தா?”

“செத்தா மாட்டத்தான். இப்பவே எடுக்காட்டி ஆதார் கார்டுல இருக்கிறதைப் பெருசாக்கி மாலை போட்டுருவாய்ங்க. அதுல இருக்கிறது நானே இல்ல.”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. துக்க வீட்டுச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்ட தாத்தாக்கள், குரூப் போட்டோவிலிருந்து கத்தரிக்கப்பட்டு யாரோ ஒருவரின் தோள் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டிகள், பின்னால் ஸ்டூடியோக்காரர் இலவசமாகச் சேர்த்த சுவிட்சர்லாந்து. எழுபது வருடம் ஏலத்தோட்டத்துக்கும் இலவம்பஞ்சுக்கும் உழைத்தவருக்குக் கடைசியில் கிடைப்பது அரசாங்க முகம்.

திண்ணையில் மறைவாக வருகிற வெளிச்சத்தில், நீலச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் 45 எம்.எம்.மில் எடுத்தேன். மறுநாள் திண்ணையில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு நிபந்தனை. ஒருவருக்குத் தோடு தெரிய வேண்டும். தோடு அடகில் இருந்ததால் பக்கத்து வீட்டுத் தோடு. ஒரு தாத்தா, “சாகப் போறவன் மாதிரி இல்லாம எடு” என்றார். இன்னொரு ஆத்தா எவ்வளவு சொல்லியும் சிரிக்க மாட்டேன் என்றார். “சிரிச்சா, போன பெறகும் கெழவி இளிக்கிறா பாருன்னு மருமக சொல்லுவா.” பக்கத்தில் நின்ற மருமகள் சிரித்தார். அதையும் எடுத்தேன், அதுதான் நல்ல படம்.

போடியில் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். அப்பத்தா இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் என்னைக் கூப்பிட்டு, “போன படத்துல பல்லு இருந்துச்சு, இப்ப இல்ல, மாத்தி எடு” என்கிறார்.

லென்ஸ் ஆசை பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். இந்தக் கேமராக்களின் லென்ஸ்கள் பெரும்பாலும் குட்டையாக, ஒன்றுபோலவே இருக்கும். புதிதாக ஒன்று வீட்டுக்குள் வந்தால் யாருக்கும் தெரியாது என்பது கணவன்மார்களின் நம்பிக்கை. “ஏங்க, போன மாசம் இருந்ததுக்கு மூக்கு நீளம். இது சப்பை மூக்கு” என்றாள் என் மனைவி. இனி நான் வாங்கினால் நீள மூக்குதான் வாங்க வேண்டும்.

மலைப்பக்கம் இருக்கிறவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போடி மெட்டுக் குளிரிலிருந்து கீழே இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடியில் வேர்த்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். வீட்டில் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் ஒரு ராத்திரி வைத்து எடுக்கலாம் என்று முதலாளி யோசனை சொன்னார். அங்கே ஐம்பது டிகிரி. லென்ஸ் காயும், அதன் பிறகு ஏலத்தில்தான் விற்க வேண்டும்.

மூணாறுக்குப் போகிற வழியில் போடி மெட்டு வளைவுகளில் வண்டியை நிறுத்தி எங்கள் மலையையும் ஜீப்புகளையும் தினமும் எவ்வளவோ பேர் எடுத்துப் போகிறார்கள். நீங்களும் வாருங்கள். 2023 ஜூனிலிருந்து போடிக்கு ரயிலே வருகிறது. ஒரு சின்னக் கேமரா, ஒரே ஒரு லென்ஸ் போதும், பழையதாகவே வாங்குங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்து நில்லுங்கள். இரண்டாவது லென்ஸுக்கு வைத்திருந்த பணம் மிஞ்சுமில்லையா, அதில் பிரிண்ட் போடுங்கள். படத்தில் இருக்கிற ஆளின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், தபாலில் ஒன்று அனுப்பி வையுங்கள்.