உள்ளே என்ன போட்டுக்கொள்வது?

"ஏம்மா, ஒட்டடை அடிச்சிட்டு நேரா இங்க வந்துட்டியா?"

போன ஞாயிற்றுக்கிழமை லீட்ஸில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பொங்கல் விழா. வாசல் வரை நீண்ட சர்க்கரைப் பொங்கல் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மதுரைக்கார அக்கா கேட்ட கேள்வி இது. கேட்டதோடு விட்டாரா? என் தோளில் இருந்ததை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துவிடவும் பார்த்தார். அது வராது. அதுதான் ஸ்வெட்டர், நானே பின்னியது, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி.

"ஆட்டு முடிக்கா, மோஹேர்," என்றேன்.

"எந்த முடியா இருந்தா என்ன, பொங்கல்ல விழாமப் பாத்துக்க."

கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த வகை ஸ்வெட்டர்களுக்குக் கையை மட்டும் ஏன் இவ்வளவு தொளதொளவென்று வைக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் நிதானமாக எழுத உட்கார்ந்தேன். அது இன்னொரு நாள். அதற்கு முன்னால் வேறொன்றைத் தீர்த்துவிட வேண்டியிருக்கிறது.

காசு கொடுத்து வாங்குகிற பின்னல் பேட்டர்ன்களில் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் ஊசி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, கழுத்தை எங்கே இறக்குவது, அக்குளில் எத்தனை கண்ணியை நிறுத்திவைப்பது, முடித்ததும் எந்தத் தண்ணீரில் அலசுவது, எல்லாம் பக்கம் பக்கமாக. உள்ளே என்ன போட்டுக்கொள்வது என்பதற்கு மட்டும் ஒரே வரி: எதன் மேலும் அணியலாம். எதன் மேலும்! எழுதியவர் ஒருநாளாவது தன் அலமாரியைத் திறந்து பார்த்திருப்பாரா?

கறுப்பு பனியன் மேல் போட்டால், வெளிர்நீல ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். வெள்ளை போட்டால் உள்ளே இருப்பது மட்டும்தான் தெரியும். மேலே போட்டிருப்பதைப் பனிமூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். பூப்போட்டதைப் போட்டால் பூவும் தெரியாது, பின்னலும் தெரியாது. கண் பரிசோதனைக்குப் போகலாமா என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். அரைக்கை போட்டால் மேற்கையில் ஒரு கோடு விழும். முழுக்கை போட்டால் அதுவே போதுமான சூடு, மேலே இது எதற்கு? காலர் வைத்த சட்டை என்றால் காலரை வெளியே எடுப்பதா உள்ளே விடுவதா என்று வாசலில் கண்ணாடி முன்னால் ஒரு பேருந்தைத் தவறவிட வேண்டும். ஸ்ட்ராப் விஷயத்தை நான் பேசப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

சரி, ஸ்கின் கலர் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், அங்கே ஸ்கின் கலர் என்று மாட்டிவைத்திருப்பது யாருடைய தோல்? என்னுடையது இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருடையதும் இல்லை. அந்த ரோஜா கலந்த சந்தன நிறத்தை நான் போட்டுக்கொண்டால், கழுத்துக்குக் கீழே வேறு ஒருவர் ஆரம்பிக்கிறார். இதைக் கடைப் பெண்ணிடம் சொன்னேன். "காபி நிறத்தில் ஒன்று இருக்கிறதே" என்றாள். அது எக்ஸ்ட்ரா ஸ்மால் மட்டும் இருந்தது. இந்த விஷயத்தில் எனக்கு நகைச்சுவை வரமாட்டேன் என்கிறது, மன்னிக்கவும்.

இந்தக் கலையில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? ஷிபான் புடவைக்கு இன்ஸ்கர்ட் தேடி வளர்ந்த பரம்பரை நாம். தி.நகரில் ஏதாவது ஒரு மேட்சிங் சென்டரில் புடவையை நீட்டினால், கடைக்காரர் அதை அப்படியே வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பார்வை பார்ப்பார். திரும்பி வந்து, வரிசையாக அடுக்கியிருக்கும் பச்சைகளுக்கு நடுவே கையை விட்டு ஒன்றை உருவுவார். அதுதான். வேறு பேச்சில்லை. ட்யூப் லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்ற ஞானத்தை எந்த டிசைன் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. நானோ இந்த ஊரில் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறேன். வெயிலில் பார்க்கலாம் என்றால் ஜனவரியில் வெயிலுக்கு எங்கே போவது? மேட்சிங்காக வேண்டும் என்று கேட்டால், மாறுபட்ட நிறம்தானே இப்போது ஃபேஷன் என்கிறார்கள். ஃபேஷன் கேட்டு வரவில்லை அம்மா, இன்ஸ்கர்ட் கேட்டு வந்திருக்கிறேன்.

சோழன் கரிகாலன் யாரையும் இப்படிப் படுத்தவில்லை. பொருநராற்றுப்படையில், ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, கண்ட நூலால் ஒட்டுப்போட்ட கந்தலோடு வந்து நின்ற கலைஞனுக்கு அதைக் களையவைத்து, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பு உரித்த தோலைப்போல மெல்லிய துணியைக் கொடுக்கிறான். அவனும் வாங்கி உடுத்திக்கொள்கிறான். உள்ளே என்ன போடுவது என்று இருவருமே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. காவிரிக் கரை வெக்கை, சமாளித்திருப்பார்கள்.

லீட்ஸில் சமாளிக்க முடியாது. உள்ளே ஒன்று, நடுவே இது, மேலே கோட்டு. கோட்டுக்குள் இது இருப்பது யாருக்கும் தெரியாது. ஹாலுக்குள் போனால் ஹீட்டர் போட்டுக் கொளுத்துகிறார்கள், கோட்டோடு இதையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆக, நான் பின்னிய ஸ்வெட்டரை உலகம் பார்க்கக்கூடிய இடம், வாசல் கதவுக்கும் கோட்டு மாட்டும் ஆணிக்கும் நடுவே உள்ள தூரம்தான். அந்தத் தூரத்தில்தான் அக்கா நின்றிருக்க வேண்டுமா?

கணக்கைப் பாருங்கள். இந்த நூல் ஒரு உருண்டை 25 கிராம், அதில் 210 மீட்டர். நடுவே பட்டு இழை, சுற்றிலும் குட்டி ஆட்டு ரோமம். ஆறு உருண்டை போட்டால் ஒன்றேகால் கிலோமீட்டர் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, கடைசியில் கையில் கிடைப்பது 150 கிராம். மளிகைக் கடையில் அந்த எடைக்குக் கடுகு கேட்டால்கூட முறைப்பார்கள். பிரிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ரோமம் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஃப்ரீசரில் வைத்தால் பிடி தளரும் என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் துருவிய தேங்காய்க்கும் வஞ்சிர மீனுக்கும் நடுவே அரைக் கை ஒன்று கிடக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆட்டையாவது குறை சொல்லலாம் என்றால் அதுவும் பாவம். துருக்கியின் அங்காரா பக்கத்து அங்கோரா ஆடு. இந்த வியாபாரம் வெளியே போய்விடக் கூடாது என்பதில் அந்தக் காலத்துத் துருக்கியர்கள் கெட்டி. 1838-ல் ஹென்டர்சன் என்ற கர்னல் தென்னாப்பிரிக்காவுக்கு 12 கிடாய்களையும் ஒரு பெட்டையையும் வரவழைத்தபோது, அத்தனை கிடாயும் இனவிருத்திக்கு உதவாதபடி செய்துதான் கப்பல் ஏற்றினார்களாம். பெட்டை சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது போட்டது கிடாக்குட்டி. அந்தக் குட்டியின் புண்ணியத்தில் இன்று உலக மோஹேரில் ஏறக்குறையப் பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. சுங்கத்தில் ஒரே ஒரு ஆள் அந்த ஆட்டின் வயிற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் போன ஞாயிறு எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும்.

இதை நாகரிகமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று யார் ஆரம்பித்தார்கள்? 1970-களில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய கடையில் இதே ஓட்டை ஓட்டையான மோஹேர் ஸ்வெட்டர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பங்க் பையன்கள் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊரை எதிர்த்தார்கள். அவர்களில் யாரும் உள்ளாடை நிறம் பார்த்திருக்க மாட்டார்கள். எதிர்ப்பவர்களுக்கு அந்த வசதி உண்டு. எனக்கு அடுத்த மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன் இருக்கிறது.

ராக் பாடகர் கர்ட் கோபெய்ன் 1993-ல் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் போட்டிருந்த கார்டிகனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்ரிலிக்கோடு மோஹேர் கலந்தது. சிகரெட் சுட்ட ஓட்டை, ஒரு பொத்தான் காணோம், கறை வேறு. அவர் போட்ட பிறகு துவைக்கவே இல்லையாம். 2019-ல் அதை ஏலம் விட்டார்கள், 3,34,000 டாலருக்குப் போனது.

நானோ கம்பளிக்கென்று விற்கிற சோப்பு நீரை அளந்து ஊற்றி, முறுக்காமல், பிழியாமல், குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவத்தில் ஊறவைத்திருக்கிறேன். பாத்ரூம் பேசினில்தான் கிடக்கிறது. கோட்டிலிருந்து ஒட்டிய கறுப்பு நூலையெல்லாம் ட்வீசரால் எடுத்தாக வேண்டும், நேரம் பிடிக்கும். பல் தேய்க்கவேண்டியவர்கள் சமையலறைக்குப் போகட்டும்.