நகர்ந்தது நந்தி மட்டும்

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்கிற நந்தனாருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி. நம்பியாண்டார் நம்பி பெரிய மனது பண்ணி ஒரு பாட்டுக் கொடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 ஆக்கினார்.

சோழனுக்கு அமைச்சராக இருந்தாலும் மனிதருக்குக் கண் கூர்மை. நந்தனாரின் ஆதனூர்ச் சேரியில் மருதமர நிழலில் தோலின்மேல் பிள்ளை தூங்குகிறது. புதைத்த பானைக்குள் பெட்டைக்கோழி ஒண்டுகிறது. மாமரத்தில் பறை தொங்குகிறது. தென்னையடி வளையில் ஈன்ற நாய் கிடக்கிறது. கோழி, நாய் எல்லாம் நிம்மதியாக இருக்க, கோயிலுக்குப் போக ஆசைப்பட்ட நந்தனார்தான் மாட்டிக்கொண்டார்.

கோயில் பேரிகைக்குத் தோல், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை எல்லாம் அவர் சப்ளைதான். சரக்கு சாமி வரைக்கும் போகும். ஆள் வாசலோடு சரி. திருப்புன்கூரில் சாமியை மறைத்துக்கொண்டிருந்த நந்தியைச் சிவபெருமான் விலகச் சொன்னார். அவ்வளவு பெரிய கல்மாட்டை நகர்த்தியவருக்கு, "உள்ளே வாப்பா" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சிதம்பரத்தில் இன்னும் விசேஷம். நந்தனார் கனவிலும் அந்தணர் கனவிலும் நடராஜர் தனித்தனியே போய்ப் பேசி, தெற்கு வாசலில் தீ மூட்ட ஏற்பாடு செய்தார். இறங்கியவர் நந்தனார். பூணூலும் சடையுமாக எழுந்தவர் ஒரு முனிவர். ஆக, கோயிலுக்குள் போனது யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் கீர்த்தனைக்காக, புராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராக்கி உள்ளே விட்டார். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிற ஆசாமி. தஞ்சாவூர்ப் பண்ணைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடைச்செருகல் கிடையாது. அந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதியார் போனபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முகம் கொடுக்கவில்லை. பண்ணையார் கொடுமையெல்லாம் சரி, இலக்கணம் பிழைக்கலாமா? கடைசியில் பாரதியார் வாசலில் உட்கார்ந்து உருகிப் பாடியதைக் கேட்டுத்தான் பாயிரம் கொடுத்தார்.

1935இல் சினிமா. நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரே வாயைப் பிளந்தது. புராண நந்தனாருக்கு இருந்ததெல்லாம் பறைத்துடவை என்கிற மானிய நிலம்.

புதுமைப்பித்தனோ சாமி, நெருப்பு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, 'புதிய நந்தன்' சிறுகதையை எழுதினார். அதில் ஆதனூர்க் கிழவன் கருப்பன்மேல் ரயிலை விட்டார்.