எக்ஸ்ட்ரா டைம் அப்பாக்கள்

எங்கள் பள்ளி அலுவலக பீரோவில் ‘இதர’ என்று பெயர் எழுதிய பைல் ஒன்று உண்டு. எந்த வகையிலும் அடங்காத பெற்றோர் மனுக்கள் அதற்குள் போய் அடைக்கலமாகும். கேன்டீன் சமோசா வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது, ஆண்டு விழாவில் என் மகளை இரண்டாம் வருஷமும் மரமாகவே நிறுத்திவிட்டீர்கள், இப்படி. அந்தப் பைலில் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே வாசகத்தோடு ஒரு மனு பூக்கும். குறிஞ்சியாவது பன்னிரண்டு வருஷம் பொறுக்கிறது. இதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் நள்ளிரவில் நடைபெற இருப்பதால், மாணவர்களின் உடல்நலன் கருதி, மறுநாள் பள்ளியை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

அந்த ‘மாணவர்களின் உடல்நலன் கருதி’யைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

இதை எழுதுகிறவருக்கு ‘எக்ஸ்ட்ரா டைம் அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். தனி ஆள் இல்லை, ஓர் இனம். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன்; ஐந்து உலகக் கோப்பை பார்த்தாயிற்று. ஐந்திலும் இவர் வந்தார். முகம் மாறும், சட்டை நம்பர் மாறாது. பத்து.

மூன்று வருஷம் பதினொரு மாதம் இவர் நம்மைப் போல சாதாரண கிரிக்கெட் ஜீவன். “என்ன சார் கேம் இது, ஒண்ணரை மணி நேரம் ஓடி ஒரு கோல்!” என்று கால்பந்தைக் கேலி செய்தவரும் இவர்தான். ஜூன் பிறந்ததும் அர்ஜென்டினாக்காரர் ஆகிவிடுவார். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கிய நீல வெள்ளைக் கோடு போட்ட பனியனை மாட்டிக்கொள்வார். துணியில் நேராக இருந்த கோடுகள் அவர் தொப்பையை ஏறி இறங்குகையில் வளைந்து, பூகோள உருண்டையின் தீர்க்கரேகைகள் மாதிரி ஆகிவிடும். அந்த உருண்டையில் அர்ஜென்டினா எங்கே இருக்கிறது என்று எட்டாவது படிக்கும் மகன் கேட்டதற்கு, ஸ்பெயின் பக்கத்தில் விரலை வைத்தாராம். பையன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

ஆப்சைடு விளக்குவது இவருடைய பரம்பரைக் கடமை. காலை டிபன் தட்டில் விளக்குவார். இட்லி கோல்கீப்பர். வடை டிபெண்டர். சட்னிக் கிண்ணம் தாக்குகிற ஆள். “பந்தை அடிக்கிற அந்த செகண்டுல இந்தக் கிண்ணம் வடையைத் தாண்டி உள்ள இருக்கக் கூடாது, புரியுதா?” என்று நிமிர்ந்து பார்க்கும்போது பையன் வடையைத் தின்று முடித்திருப்பான். அதற்கப்புறம் யார் ஆப்சைடு, யார் ஆன்சைடு என்று எந்த விஏஆர் வீடியோ வந்தாலும் சொல்ல முடியாது.

இவருக்கு ஒரு பழைய காவியமும் உண்டு. 1990, ஜூலை 8, இத்தாலி. நம்மூர் நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரைக்கு இறுதி ஆட்டம். தூர்தர்ஷன், டயனோரா டிவி. எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் மேற்கு ஜெர்மனியின் பிரெமே பெனால்டியை உள்ளே தள்ள, அர்ஜென்டினா தோற்றது, மரடோனா அழுதார். “ஒம்பது வயசு சார் எனக்கு. அவரு அழுதாரு, நானும் அழுதேன். மறுநாள் காலைல எட்டரைக்கு ஸ்கூல்ல நின்னேன்” என்பார். (அப்படியானால் மகனையும் நிற்க வைக்கலாமே என்று கேட்கக் கூடாது.) இந்தக் காவியத்துக்கு அவருடைய அம்மா வைத்திருக்கும் பாடபேதம் வேறு: பையன் முதல் பாதியிலேயே குறட்டை விட்டான், தெருக்காரர்கள் போட்ட சத்தத்தில் விழித்து, எதற்கென்று தெரியாமல் அழுதான்.

இந்த வருஷ மனு, பள்ளி திறந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது. காரணம் உண்டு. 2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் நடக்கிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். அங்கே பட்டப்பகல் என்றால் இங்கே நடுநிசி. அங்கே ராத்திரி என்றால் இங்கே பால் பாக்கெட் வரும் நேரம். சில ஆட்டங்கள் நமக்குக் காலை ஆறரைக்குத் தொடங்குகின்றன. ஒரு கையில் ரிமோட், மறு கையில் பையனின் டை. இறுதி ஆட்டம் நியூஜெர்சியில் ஜூலை 19, ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது ஜூலை 20, திங்கட்கிழமை அதிகாலை 12:30.

நான் பார்த்த எல்லா இறுதி ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. ஆகவே எல்லா மறுநாளும் திங்கள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் திங்கள் முதல் பீரியட் கணக்கு. இந்த விவகாரத்தில் எனக்கு என்ன அக்கறை என்று இப்போது புரிந்திருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மனு விவாதத்துக்கு வந்தது. எக்ஸ்ட்ரா டைம் அப்பா எழுந்து நின்றார்.

“மேடம், மழைக்கு லீவ் விடறோம் இல்லையா? மழை வருஷா வருஷம் வருது. இது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை.”

“மழைக்கு லீவ் விடறது நான் இல்லீங்க, கலெக்டர்” என்றார் தலைமையாசிரியை.

நவம்பர் மாதத்தில் சென்னைப் பிள்ளைகள் கலெக்டர் மேல் வைத்திருக்கும் பக்தி, வேறு எந்த மாநிலத்திலாவது அதிகாரி ஒருவருக்குக் கிடைக்குமா, சந்தேகம். யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, ஷூ போடாமல், டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நம் அப்பா அந்த பக்தி மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூரில் சதய விழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், திருவாரூர் தேருக்கு விடுகிறார்கள், கால்பந்தும் ஒரு திருவிழாதானே என்றார். கொஞ்சம் கைதட்டல்கூடக் கிடைத்தது. அத்துடன் உட்கார்ந்திருக்கலாம். வெளிநாட்டுக்குப் போனார்.

“2022 நவம்பர்ல சவுதி அரேபியா மேட்ச் ஜெயிச்சதுக்கு அந்த ஊர் ராஜா மறுநாள் நாடு முழுக்க லீவ் விட்டாரு மேடம். பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து.”

செய்தி உண்மைதான். பின்வரிசையில் மஞ்சள் டிஷர்ட் போட்ட இன்னொரு அப்பா, பிரேசில் கட்சி, மெதுவாகக் கேட்டார். “யாரை ஜெயிச்சதுக்கு?”

அர்ஜென்டினாவை. 2-1. தன் அணி தோற்றதற்கு ஊரான் கொண்டாடிய விடுமுறையை முன்னுதாரணமாகக் கொண்டுவந்து வைத்தது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் இந்த இனத்துக்குத் தோல்வி பழக்கம். “அதே வருஷம் டிசம்பர்ல நாங்க கோப்பையை வாங்கினதும் எங்க கவர்மென்ட்டும் 20ஆம் தேதி லீவ் விட்டுச்சு” என்றார். ‘எங்க கவர்மென்ட்’ என்று அவர் சொன்னது பியூனஸ் அயர்ஸை. அங்கே இவருக்கு ரேஷன் கார்டு இல்லை.

“அவங்க நாடு ஜெயிச்சது, அவங்க விட்டாங்க. நாம எந்த நாட்டுக்கு விடறது?” என்று தலைமையாசிரியை கேட்டதும் ஹால் நான்காக உடைந்தது. அர்ஜென்டினா ஒரு பக்கம், பிரேசில் ஒரு பக்கம், ரொனால்டோவுக்காகப் போர்ச்சுகல் ஒரு பக்கம், ஜன்னலோரம் ஒரே ஒரு ஜெர்மனி. இந்தியா கட்சி இல்லை. 1950இல் மற்ற அணிகள் விலகிக்கொண்டதால் பிரேசிலுக்குப் போக இந்தியாவுக்கு இடம் கிடைத்தது, போகவில்லை. அந்த வகையில் நம் கல்வித்துறைக்கு இதுவரை ஒரு வேலைநாள்கூட நஷ்டமில்லை.

அடுத்து விஞ்ஞானம் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த விஞ்ஞானம்தான், ஆனாலும் பொய் இல்லை. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ராத்திரியில் தாமதமாகத்தான் சுரக்கிறது; அதனால் காலையில் எழுப்பினால் எழுவதில்லை. இவர் அதை ‘மெலடோனி’ என்று உச்சரித்தார். இத்தாலிக்கு நடுக்களத்தில் ஆடியவன் பெயர் மாதிரி இருந்தது.

“கலிபோர்னியாவுல 2022லேர்ந்து சட்டமே போட்டுட்டாங்க மேடம். ஹைஸ்கூல் காலைல எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது.”

“நம்ம ஸ்கூல் எட்டே முக்காலுக்குத்தானே ஆரம்பிக்குது” என்றார் தலைமையாசிரியை.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பா இங்கிலாந்தை இழுத்தார்: 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மறுநாள், சில பள்ளிகள் பிள்ளைகளைத் தாமதமாக வரச் சொல்லிவிட்டனவே! சொல்லின, வாஸ்தவம். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. தாமதமாக வந்து, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற அந்த ஊர் வாத்தியாரை நினைத்துப் பார்த்தேன். முதல் பீரியட் கணக்காக இருந்திருக்கக் கூடாது.

தலைமையாசிரியை முப்பது வருஷம் பள்ளி நடத்தியவர். மறுப்பது அவர் வழக்கமில்லை. “சரிங்க, ஒரு மணி நேரம் தள்ளியே ஆரம்பிக்கலாம்” என்றார். அப்பா முகத்தில் கோல் விழுந்த வெளிச்சம். “சதய விழா லீவுக்குத் தஞ்சாவூர்ல ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வச்சு ஈடு பண்ணுவாங்க. நாமளும் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு சனிக்கிழமை வச்சுக்கலாம். காலைல எட்டே முக்காலுக்கு.”

“சனிக்கிழமையா... குழந்தைங்க பாவம் மேடம்” என்றார்.

அப்போதுதான், அதுவரை பேசாமல் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி வாயைத் திறந்தார். “ஏங்க, உட்காருங்க. மேடம், எங்க பையன் ஒம்பதரைக்கெல்லாம் தூங்கிடுவான். போன தடவைகூட மறுநாள் காலைல பல் தேய்க்கும்போதுதான் ஸ்கோரே கேட்டான். முழிச்சிருந்தது இவர் மட்டும்தான். காலைல பையனை வண்டில கொண்டுவந்து விடறதும் இவர்தான். அதுக்குத்தான் இந்த மனு.”

மாணவர்களின் உடல்நலன் கருதி.

வேன் டிரைவர் சங்கதியை யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். எங்கள் வேன் எங்களை இறக்கிவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓடுகிற வேன்; நமக்காக ஒரு மணி நேரம் தள்ளினால் அங்கே அறுபது பிள்ளைகள் ரோட்டில் நிற்கும். டிரைவரும் பிரேசில் கட்சி. அன்று ராத்திரி தூங்க வேண்டியவர் யாரென்றால் முதலில் அவர்தான். இதைச் சொன்னபோது எக்ஸ்ட்ரா டைம் அப்பாவும் தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை.

வகுப்பில் நிஜமாகவே கால்பந்து ஆடுகிறவன் ஒருவன் இருக்கிறான். வியாசர்பாடிப் பையன், இடதுகால் ஆட்டக்காரன். அந்தப் பக்கத்தில் பந்து என்பது நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பண்டிகை இல்லை, தினப்படி சோறு. பைனல் பார்ப்பாயா என்று கேட்டேன். “இல்ல சார், அஞ்சரைக்கு கிரவுண்டுல நிக்கணும். கோச் திட்டுவாரு” என்றான். கோலை மட்டும் பிறகு போனில் பார்த்துக்கொள்வானாம். அவன் வீட்டிலிருந்து ‘இதர’ பைலுக்கு இதுவரை எந்தக் கடிதமும் வந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் மட்டும் யோக்கியன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014 ஜூலை 9, புதன்கிழமை, அதிகாலை ஒன்றரை. பிரேசில் மண்ணில் பிரேசிலும் ஜெர்மனியும் அரையிறுதி. தண்ணீர் குடிக்க எழுந்து போய்ச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவதற்குள் ஸ்கோர் எங்கேயோ போயிருந்தது. ஆறு நிமிஷத்தில் நான்கு கோல். ரீப்ளே காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் 7-1. ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் விகிதம். சாக்பீஸை எடுத்தேன், கை தானாக 7:1 என்று எழுதிவிட்டது. வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் மஞ்சள் கர்சீப் வைத்திருந்த ஒருவன் மட்டும் அழுதான்.

2022 இறுதி ஆட்டம் நமக்கு ராத்திரி எட்டரைக்கே தொடங்கிவிட்டது. 3-3, பிறகு பெனால்டி. பதினொன்றரைக்குள் எல்லாம் முடிந்து ஊரே படுத்துவிட்டது. ஆனாலும் மறுநாள் என் வகுப்பில் பதினொரு பேருக்குக் காய்ச்சல். சரியாக ஓர் அணி. பதினொரு கடிதத்திலும் ‘கடுமையான காய்ச்சல்’ என்று அப்பாக்களின் கையெழுத்து. அதில் நான்கு அப்பாக்கள் அன்று ஆபீஸ் போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது; ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

கூட்டம் டீ, பிஸ்கட்டுடன் முடிந்தது. ஜூலை 20 திங்கட்கிழமை, வழக்கம் போல 8:45க்கு முதல் மணி. மனு ‘இதர’ பைலுக்குப் போய்விட்டது. அன்று ஒரு நாள் மட்டும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பீரியடைப் பிற்பகலுக்கு மாற்றித் தரும்படி நான் எழுதிக் கொடுத்த தாளும் அதற்கு அடியில்தான் இருக்கிறது.