கரி வண்டி

வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" போன மே மாதம் அதை அவர் என் காரைப் பார்த்துக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. சென்னையிலிருந்து கயத்தாறு பக்கம் இருக்கும் அவர் ஊருக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஓடிவந்த வண்டி, வாசலில் நின்றபோது பேட்டரியில் 12 சதவீதம் மிச்சம் வைத்திருந்தது. வண்டிக்குப் பசி. எங்களுக்கு அதைவிடப் பசி. ஆனாலும் முதல் பந்தி வண்டிக்குத்தான்.

இந்தக் காரை 2023-இல் வாங்கினேன். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அப்போது தமிழ்நாட்டில் சாலை வரியும் இல்லை. பச்சை நம்பர் பிளேட்டை மாட்டி, சாவியைக் கையில் கொடுத்து, "பூமியைக் காப்பாத்துறீங்க சார்" என்றார் ஷோரூம்காரர். பூமியைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் முதலில் அபார்ட்மென்ட் சங்கத்திடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

நான் கேட்டது கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட ஒன்றுகூடாத பொதுக்குழு அதற்குக் கூடியது. மழை பெய்தால் பக்கத்துக் காருக்கும் ஷாக் அடிக்குமா, நான் சார்ஜ் போடும்போது லிஃப்ட் பாதியில் நிற்குமா என்றெல்லாம் கேட்டார்கள். "இன்னிக்கு இவருக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க" என்றார் செயலாளர். ஆளாளுக்குக் கேட்டால் நாட்டுக்கு நல்லதுதானே என்று நான் சொன்னது மினிட்ஸில் ஏறவில்லை. கடைசியில் என் வீட்டு மீட்டரிலிருந்து, என் செலவில், எது நடந்தாலும் என் தலையில் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

என் வீட்டு மீட்டர் என்றானதும் எனக்குப் புது வியாதி ஒன்று வந்தது. அதன் பெயர் ஐந்நூறு. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கும் சலுகை. 501 ஆனால் அந்தச் சலுகை பறிபோகும். அதன்மேல் ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். என் கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் காருக்கு மட்டும் முந்நூறு யூனிட். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிகிறது. பெட்ரோல் என்றால் ஆறேழு ரூபாய் ஆகும். அறிவுக்கு இது தெரிகிறது. மனசு கேட்கமாட்டேன் என்கிறது. கணக்கெடுக்க வருகிறவரைப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல வாசலில் நின்று எதிர்பார்க்கிறேன். மீட்டர் 490-இல் நிற்கும்போது அவர் வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஃப்ரிட்ஜை யாராவது நாலு விநாடி திறந்து வைத்தால் கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறேன். "ஏங்க, பூமியைக் காப்பாத்துறது சரி, மோர் எடுக்க விடுங்க" என்கிறாள் மனைவி.

இன்னொரு சங்கடம் தெரு நாய்கள். என்ஜின் சத்தம் கேட்டு எழுந்து போவது அவற்றின் பரம்பரைப் பழக்கம். என் வண்டி சத்தம் போடுவதில்லை. அதனால் அவை எழுவதில்லை. தினமும் காலையில் நான் இறங்கிப்போய், பேர் சொல்லி எழுப்பி, வழி வாங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

ஆபீஸில் எனக்கு மூன்று எதிர்க்கட்சிகள். ஒருவர் ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறார். பெட்ரோல் என்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு. பிரேக் பிடித்தால் பேட்டரி தானே ஏறிக்கொள்ளும், பிளக்கே வேண்டாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் கேலி செய்வேன். அவர் கோபப்படுவதில்லை. இரண்டு கால் இருப்பவனுக்கு நிதானம் அதிகம். இன்னொருவர் சிஎன்ஜி. செலவு குறைவுதான், ஆனால் டிக்கியில் சிலிண்டர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மச்சினி கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டுகளை ஆளுக்கு இரண்டாக மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மூன்றாமவர் பெட்ரோல் பக்தர். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிற அதே சாராயச் சங்கதிதான். "உங்க வண்டி தினமும் குடிக்குது சார்" என்றேன். "குடிச்சாலும் வீட்டுக்கு வந்து சேருது. உங்களது ஊர் போய்ச் சேருமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் மே மாதப் பயணம்.

கம்பெனிக்காரர்கள் ஒரு சார்ஜுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லியிருந்தார்கள். நிஜத்தில் ஏசி போட்டு, குடும்பத்தை ஏற்றி, ஊறுகாய் பாட்டில்களோடு ஓட்டினால் 210. ஆகவே விழுப்புரம், திருச்சி, மதுரை என்று மூன்று இடத்தில் நிறுத்தி வேகச் சார்ஜர் போடுவது என் திட்டம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நேரம். 80 சதவீதம்வரை விறுவிறுவென்று ஏறும். அதன்பின் பேட்டரி, விருந்தின் கடைசியில் பாயசத்தைப் பார்க்கிறவர்போல, மெல்ல மெல்லத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் காத்திருப்பது வீண்.

திட்டத்தில் குறை இல்லை. குறை எல்லாம் ஆப்பில் இருந்தது. சார்ஜர் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆப். ஒவ்வொன்றிலும் பெயர், ஓடிபி, முன்பணம். இப்போது ஆறு ஆப்களில் என் பணம் 1,140 ரூபாய் துண்டுதுண்டாகத் தூங்குகிறது. அதை எழுப்ப நான் மறுபடி அந்தந்த ஊருக்குப் போகவேண்டும். முதல் இடத்தில், சார்ஜர் காலியாக இருக்கிறது என்றது ஆப். காலியாகத்தான் இருந்தது, அதன் முன்னால் ஒரு டீசல் வேன் நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தெரு நாய்களை எழுப்பிய அனுபவம் அங்கே கைகொடுத்தது.

மதுரைக்குத் தெற்கே சார்ஜை மிச்சப்படுத்த 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேயே ஓட்டினேன். மணல் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலேயே ஒரு பழைய டிராவல்ஸ் வேன். மகளுக்கு அவமானமாக இருந்தது. அவளைத் தேற்ற ஒரு சரித்திரம் சொன்னேன். உலகத்தில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். 1899-இல், பாரிஸுக்குப் பக்கத்தில், கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். பார்க்கப் பீரங்கிக் குண்டுபோல இருக்கும்.

"அந்தக் காருக்கு என்னப்பா பேரு?"

"லா ஜமே கோந்தாந்த். ஒருபோதும் திருப்தி அடையாதவள்னு அர்த்தம்."

"பாவம், அவளையும் ஒரு மணி நேரம் விழுப்புரத்துல உக்கார வெச்சிருப்பாங்க" என்றாள் மனைவி.

கயத்தாறு வந்தது. சாலை வரி கட்டாத வண்டியில் அந்த ஊருக்குள் நுழையும்போது எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. வரி கொடுக்க மறுத்த கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்டது அங்கேதான். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கு பார்த்தாலும் கரன்ட் விளைகிற பூமி. கவலை விட்டது என்று நினைத்தேன்.

பெரியப்பா வீட்டு மோட்டார் அறையில் 15 ஆம்பியர் பிளக் இருந்தது. காரோடு கொடுத்த சார்ஜர் பெட்டியைச் செருகினேன். பச்சை எரியவேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. பிடுங்கிச் செருகினேன். சிவப்பு. எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "மெட்ராஸ் காருக்கு நம்மூர் கரன்ட் ஒத்துக்கலை போல" என்று ஒரு அம்மாள் அனுதாபப்பட்டார்.

உள்ளூர் எலெக்ட்ரீஷியன் தம்பி சைக்கிளில் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, கரன்ட் நல்லாத்தான் வருது. எர்த்துதான் இல்ல" என்றார். மிக்ஸியும் கிரைண்டரும் எர்த் இல்லாமலேயே முப்பது வருஷம் அரைத்துக் கொடுத்துவிட்டன. என் சார்ஜர் பெட்டிக்கு மட்டும், ஷாக் அடித்தால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழி இருக்கிறதென்று உறுதி தெரியாமல் ஒரு யூனிட்கூட வாங்குவதில்லை என்ற கொள்கை. வாங்கியவனைவிடக் கொள்கைப் பிடிப்புள்ள வண்டி.

கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழியைத் தேடிப் பிடித்தோம். மேலே வாடாமல்லிச் செடி. தோண்டினால் துருவேறிய பைப், அதில் அறுந்து தொங்கும் கம்பி, பொடிந்துபோன கரி. "கரியும் உப்பும் போடணும் அண்ணாச்சி. அப்பத்தான் மண்ணு ஈரம் பிடிக்கும்" என்றார் தம்பி. உப்புக்குப் பஞ்சமில்லை, தூத்துக்குடி பக்கம்தானே. பெரியம்மா அடுக்களையிலிருந்து கல்லுப்பு மூட்டையையே தூக்கி வந்தார். கரிக்கு, வேலிக்கருவை மூட்டம் போடுகிற வீட்டுக்கு ஆள் போனது. புதுக் கம்பி கட்டி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று ஊறுகாய் போடுவதுபோலப் போட்டு, ஆறு குடம் தண்ணீர் ஊற்றினார்கள்.

தொண்ணூறைத் தொட்ட பெரியப்பா நாற்காலியைக் கொல்லைக்கே போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார். கரியைக் கண்டதும் அவருக்குக் கண் விரிந்தது.

"ஏல, இது பழைய வண்டிடே!"

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் பஸ் ஓடியதை எட்டு வயசில் பார்த்தவர் அவர். "பொறத்தால அண்டா மாதிரி ஒண்ணு இருக்கும். கரியப் போட்டு, கிளீனர் அரை மணி நேரம் காத்தாடியச் சுத்துவான். பொகை பிடிச்சாத்தான் கிளம்பும். மேடு வந்துட்டா எல்லாரும் எறங்கித் தள்ளணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் வண்டிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

"ஒன்பது மணி நேரம், பெரியப்பா."

"கரி வண்டியே தேவலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மோட்டார் அறையில் பச்சை எரிந்தது. மணிக்கு மூன்று யூனிட் வீதம் வண்டி விடியவிடியக் குடித்தது. காற்று ஓய்ந்த ராத்திரியில் அந்தக் கரன்ட் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலிருந்து வந்திருக்கலாம். அங்கே எரிப்பது நிலக்கரி. பெரியப்பா சொன்னது எல்லா வகையிலும் சரி.

திரும்பிப் போய் பெட்ரோல் பக்தரிடம், ஊர் போய்ச் சேர்ந்தேன் என்றேன். எப்படி என்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. பெட்ரோல் காருக்குக் காசு இருந்தால் போதும். பங்க்காரருக்கு நம் பெயர்கூடத் தெரியவேண்டாம். இந்தக் காருக்கு மனுஷர் வேண்டும். செயலாளர், வேன் ஓட்டுநர், சைக்கிளில் வருகிற தம்பி, உப்பு மூட்டை தூக்கும் பெரியம்மா என்று வழிநெடுக யாராவது மனசு வைத்தால்தான் அது நகரும். ஊருக்குப் போகாமல் நான் கடத்திய நாலு வருஷத்துக்கு ஒரே நாளில் வட்டி கட்டவைத்தது அந்த வண்டி.

மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். ஷோரூமுக்குப் போகும் முன் சொந்த ஊரில் யாருக்காவது போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். அப்படியே கொல்லையில் எர்த் குழி இருந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவைக்கச் சொல்லுங்கள். பெரியம்மா இப்போதும் தினமும் ஊற்றுகிறார். வாடாமல்லி நன்றாகப் பூக்கிறதாம்.