வாசக்கதவுக்கு ஒரு துணி வளையம்

ஏனுங்க அம்மிணி, சித்திரை நோம்பிக்கு வாசக்கதவுல மாட்டறதுக்குத் துணியில வளையம் பண்ணப் போறீங்களாமா? உங்கம்மா போன்ல சொன்னா. சொன்னதுல பாதி பெருமை, பாதி பொலம்பல். கம்பி வளையம் ஒண்ணு, அளவா வெட்டிக் கட்டுக்கட்டா அடுக்கின பூப்போட்ட துணி, பசையைச் சுட வெச்சு ஊத்தற துப்பாக்கின்னு எல்லாம் டப்பா டப்பாவா வந்து எறங்கிருச்சாமே. அதுல ஒரு கட்டுக்கு ஓரமெல்லாம் பிஞ்சு, நூல் தொங்க விட்டே அனுப்பறாங்களாம். பிஞ்ச துணிக்கு வெலை எச்சாவாம்.

எனக்கு இது தெரியாமப் போச்சு கண்ணு. திருப்பூர்ல பனியன் கம்பெனில கைமடியா இருந்து, பிசிர் வெட்டி வெட்டியே கண்ணு மங்கினவ நானு. ஒரு பீஸுல நூல் தொங்குனாப் போதும், செக்கிங்ல திருப்பி எறிஞ்சுருவாங்க. அந்தப் பிசிரையே வாரிக் கட்டி வித்திருந்தா, உங்கப்புச்சிக்கு வாக்கப்பட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வெள்ளைக்காரங்க ஊர்ல ஈஸ்டர் வர்றப்ப இந்த வளையத்தை மாட்டுவாங்கன்னு எனக்கும் தெரியும். பனி முழுக்க மொட்டையா நின்ன மரம் தளிர் விட்டா அவங்களுக்குக் கொண்டாட்டம். இருக்கட்டும். நம்மளுக்கு அதே சமயத்துலதான் வேப்பம்பூ உதிருது, மாங்கா காய்க்குது, மாரியம்மன் கோயில்ல கம்பம் நடறாங்க. நாமளும் ஒண்ணை மாட்டினாக் குடி முழுகிராது.

ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். நம்ம பக்கம் வட்டமா ஒரு வளையத்தை ஆராவது தூக்கிட்டு வந்தா அது எழவு ஊட்டுக்குத்தான். ரிப்பன் சுத்திப் பேர் எழுதி, கால்மாட்டுல வெச்சுட்டுப் போட்டோ எடுத்துக்குவாங்க. நீ பாட்டுக்கு வெள்ளைத் துணியும் பச்சைத் துணியுமாக் கட்டி அம்சமா மாட்டி வெச்சீன்னா, காலைல பால் ஊத்த வர்றவன் செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, “எத்தனை மணிக்குங்க எடுக்கறாங்க?”ன்னு கேப்பான். அதனால வெள்ளையை விட்டுரு. மஞ்சள் எடு, செவப்பு எடு, மாந்தளிர் நெறத்துல ஏதாச்சும் இருந்தா அதை எடு. அடியில ஒரு கொத்து வேப்பங்கொழையைச் சொருவிட்டா அப்புறம் ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க.

துணிக்கு எங்க போறதுன்னு கேக்காதே. திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட்டைக் கிலோக் கணக்குல போடறாங்க. அதுலயும் வெள்ளைக்குத்தான் வெலை, கலருக்குக் கம்மி. மில்லுக்காரங்க அதை வாங்கிப் பிச்சுப் பஞ்சாக்கி, மறுபடியும் நூலா ஓட்டிருவாங்க. உனக்கு அது ஆகாது. பனியன் துணியைக் கையில கிழிக்க முடியாது. கத்திரில வெட்டி ஒரு இழு இழுத்தா ஓரம் ரெண்டும் உள்ளுக்குச் சுருண்டு கயிறாயிரும். கயித்துக் கட்டில் பின்னறதா இருந்தாச் சொல்லு, மூட்டையே அனுப்பறேன். வளையத்துக்குத் தறித் துணிதான் வேணும், அதுவும் பருத்தி. பழைய வேட்டி, பாவாடை, தலவாணி உறை, நீ கட்டாமயே வெச்சிருக்கற காட்டன் சேலை. பாலியஸ்டர் பக்கமே போகாதே, முடிச்சு வழுக்கும். நான் சொல்றது அத்தனையும் பருத்தியா இருக்கோணும், ஞாவகம் வெச்சுக்க.

கத்திரியால ஓரத்துல விரக்கடைக்கு ஒருக்கா துளியூண்டு வெட்டு. பொறவு கையிலயே கிழி. இழை போற போக்குல நேராக் கிழியும். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு வெட்டினாலும் அத்தனை நேரு வராது. ஓரத்துல நூல் தானாப் பிரிஞ்சு தொங்கும். நீ காசு குடுத்து வாங்கின பிசிரு இதேதான். மாப்பிள்ளை மேல கோவமா இருக்கற நாளாப் பாத்துக் கிழிச்சீன்னா வேலை வெசயா முடியும். என்ன சத்தம்னு எட்டிப் பாத்தாருன்னா, கிழியறது எவுரு வேட்டின்னு மட்டும் சொல்லிராதே.

புதுத் துணி ஏதாச்சும் சேக்கறதா இருந்தா ஊற வெச்சு அலசிப் பாரு. சாயம் நிக்காத துணியில கோடை மழை பட்டா வாசக்கதவுல கோடு கோடா எறங்கிரும். சாயத்தைப் பத்தி எங்களுக்குப் பாடம் நடத்த ஆளு வேண்டாம். நொய்யல் என்ன நெறத்துல போகுதுன்னு பாத்தே, பட்டறைல அன்னைக்கு என்ன கலர் ஓடுதுன்னு சொல்லுவோம். ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு கட்டின அணை சாயத்தண்ணித் தொட்டியாப் போச்சு. 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப ஊரே கன்னத்துல கை வெச்சு உக்காந்துருச்சு. அப்படி ஆத்தைக் கெடுத்து வந்த கலர்தான் உன் அலமாரில மடிப்புக் கலையாமக் கெடக்குது. கதவுல மாட்டறதுக்குன்னு இன்னொண்ணு வாங்கோணுமா? வாங்கு, வாங்கு, உங்க காசு.

செரி, வேலைக்கு வா. அந்தக் கம்பி வளையத்தை அட்டாலில போடு. துரு ஏறும், துணில கறை புடிக்கும். பழைய வேட்டி ஒண்ணை நனைச்சுப் புழிஞ்சு, ஒரு முனையைச் சன்னல் கம்பில கட்டு, மறுமுனையைப் புடிச்சு முறுக்கு. ரெண்டு விரல் மொத்தத்துக்குப் புரி ஏறினதும் வட்டமா வளைச்சு, முனை ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஊசி நூல்ல இறுக்கித் தெச்சு, காய விடு. உள்வாய் ஒரு சாண். வெளிவட்டம் ஏறக்குறைய 1 அடி வரும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். ஏன்னு இப்பக் கேக்காதே.

துணியில வளையம் பண்றது ஏதோ இப்பத்தான் கண்டுபுடிச்சதுன்னு உங்கம்மா சொல்றா. தலையில சொமை தூக்கின பொம்பளை அத்தனை பேரும் இதைப் பண்ணினவதான், சும்மாடுன்னு பேரு. அதையே ஆணியில மாட்டித் தொங்க விட்டிருந்தா அலங்காரம்னு சொல்லியிருப்பாங்க. எங்களுக்குத் தோணலை. தலை ஒழிஞ்சாத்தானே.

இனி முடிச்சு. துண்டு ஒவ்வொண்ணும் விரக்கடை அகலம், ஒரு சாண் நீளம். 70, 80 துண்டு புடிக்கும். புரியைச் சுத்திக் கொண்டு வந்து ரெண்டு முடிச்சுப் போடு. வால் ரெண்டும் வெளிப்பக்கம் பாக்கோணும். முடிச்சு ஒண்ணுகூட உள்பக்கமோ பின்பக்கமோ வரப்படாது, அங்கெல்லாம் வழவழன்னு இருக்கோணும். பத்து முடிச்சுக்கு ஒருக்கா நெருக்கித் தள்ளிக்க. நெருக்கலைன்னா நடுவுல வேட்டி எட்டிப் பாக்கும். கலரை வரிசைக்கணக்காக் கட்டாதே. கணக்காக் கட்டினா ஏதாச்சும் ஒரு கட்சிக் கொடிக்கு ஒத்துப் போயிரும், எலெக்சன் வந்தா வம்பு. கண்ணை மூடிக் கையில வந்ததைக் கட்டு. வால் தொவண்டு கெடந்தா சோத்துக் கஞ்சில தொட்டு நீவி நெழல்ல காய வை. கஞ்சி எச்சாப் போனா எறும்பும் கரப்பானும் ஒட்டுக்கா நோம்பிக்கு வந்துரும்.

பசைத் துப்பாக்கியைத் தொடவே தொடாதே. மேக்குப் பாத்த கதவுல சித்திரை வெயில் அடிச்சா அது எளகும், பூ ஒவ்வொண்ணா உளுவும். அவிநாசித் தேரு பாக்கத் தூக்கிட்டுப் போனேனே, ஞாவகம் இருக்குதா? நீ பலூனைத்தான் பாத்திருப்பே. அதுவும் சித்திரைலதான். தேரைச் சுத்தி ஆடற சீலையும் தொம்பையும் பூராவும் துணி. அத்தாப் பெரிய தேரு குலுங்கிக் குலுங்கி வீதி சுத்தி வருது, ஒட்டினது ஒண்ணும் கெடையாது. தெச்சுக் கயித்துல கட்டினது. கட்டினதை அவுத்து மடிச்சு வெச்சு அடுத்த வருசம் எடுத்துக்கலாம். ஒட்டினதைப் பிச்சுத்தான் எடுக்கோணும்.

மாட்டறதுக்கு முந்தி, சித்திரைக் கனி வைக்கறன்னைக்கு ராத்திரி, தாம்பாளத்துல கண்ணாடியைச் சுத்தி இந்த வளையத்தை வெச்சுப் பாரு. மா, பலா, வாழைக்கு நடுவுல நெம்ப நல்லா இருக்கும். விடிஞ்சு கனி பாத்தப்புறம் கதவுக்கு எடுத்துக்க. ஆணி அடிச்சீன்னா ஊட்டுக்காரர் அட்வான்ஸுல புடிச்சுக்குவாரு. நாடாவைக் கதவுக்கு மேலால உள்பக்கம் போட்டுத் தாப்பாள்ல கட்டிரு. மாவிலைத் தோரணம் நெலவுல இருக்கறபடியே இருக்கட்டும். அதைக் கழட்டிட்டு இதை மாட்டினீன்னா உங்கம்மா அழுகற சத்தம் எனக்கு இங்க கேக்கும்.

பக்கத்து ஊட்டுக்காரி வந்து பழமை பேசிட்டே “எங்கீங்க வாங்கினீங்க?”ன்னு கேப்பா. நானே பண்ணினேன்னு வாயைத் தொறந்தே, அவளுக்கொண்ணு, அவ தங்கச்சிக்கொண்ணு, அவ ஆபீஸுக்கு நாலு. மாப்பிள்ளைக்குக் கட்ட வேட்டி மிஞ்சாது. 2,000 ரூவான்னு ஒரு வெலை சொல்லிரு. தொட்டுப் பாத்துட்டு மரியாதையாப் போயிருவா.

என் சேலைப் பொட்டியைத் தொறக்கறதுக்குத்தானே உங்கம்மாவை விட்டுப் போன் பண்ணச் சொன்னே? தெரியும். மஞ்சச் சேலையை எடுத்துக்க, அரக்குல கரை இருக்கறதை எடுத்துக்க. அடியில கெடக்கற கூறைச்சேலை மேல கை வெச்சேன்னா வளையம் உனக்கு மாட்ட வேண்டியதாயிரும்.

நோம்பி முடிஞ்சா, தூசி ஏறதுக்கு முந்தியே கழட்டி, ஊருக்கு வர்ற ஆருகிட்டயாச்சும் எனக்குக் குடுத்து விட்டுரு. ஆசாரத்துல புதுசா ஒரு மண்பானை வாங்கி வெச்சிருக்கறேன், அடி நிக்காம ஆடிட்டே இருக்குது. கம்பி வேண்டாம்னதும், பருத்திதான்னதும், முடிச்சு உள்ளுக்கு வரப்படாதுன்னதும், உள்வாய் ஒரு சாண்னதும் பானையோட அடியை அளந்து பாத்துட்டுத்தான் சொன்னேன்.